எண்ணிப் பார்த்தல்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மாலைக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)





விழாக் குழுவினர் நமக்கு அனுப்பிய துண்டுச் சீட்டில், "அன்றாட வாழ்வில் தரவுத் திறன்" என்று எழுதியிருந்தது. அது மூக்குக் கண்ணாடி கையில் இல்லாத நேரம். "துறவுத் திறன்" என்று படித்துவிட்டு, முப்பதாண்டுகளாக நமக்குப் பழக்கப்பட்ட பொருள்தானே என்று ஒப்புக்கொண்டோம். கண்ணாடியைப் போட்டபின் தான் அகப்பட்டுக்கொண்டது தெரிந்தது. குழுத் தலைவரிடம் சொன்னோம். அவரோ, "சாமி, நோட்டீசு அச்சாகிவிட்டது" என்று கைவிரித்தார்.

தரவு என்றவுடன் பலரும் கணினியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் தினசரி நாட்காட்டியில் பால் கணக்கை எழுதுகிறார்கள். கியாஸ் சிலிண்டர் மாற்றிய நாளைக் குறித்து வைக்கிறார்கள். பால்காரர் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இதுவே தரவு. நடந்ததை நடந்தபடி, நாளும் அளவும் சேர்த்து எழுதி வைப்பது. ஆனால் இது பாதி வேலை. எழுதியதையெல்லாம் ஒன்றாகப் பரப்பி வைத்து, "இது நமக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்பது மறுபாதி. அந்த மறுபாதியில் நாம் தவறியிருக்கிறோம். இங்கே "நாம்" என்று சொல்வது உங்களை அன்று. உங்கள் பங்குச் சாமியாரை.

எழுதி வைப்பதில் திருச்சபை யாருக்கும் இளைத்ததன்று. திருமணங்களைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563 இல் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614 இல் வெளியான உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், திருமணம், பங்குக் குடும்பங்களின் நிலை, இறப்பு என ஐந்து பதிவேடுகளை எப்படி எழுதுவது என்று மாதிரியோடு சொல்லிக் கொடுத்தது. நம் குருமாணவப் பருவத்தில் இதை ஒரு பாடமாகவே படித்தோம். மையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. ஆனால் எழுதியதை எப்போது திரும்பப் படிக்க வேண்டும் என்று மட்டும் எந்தப் பேராசிரியரும் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

நம் பங்கின் இறப்புப் பதிவேட்டில் நம் கையால் எழுதிய பக்கங்கள் பல உண்டு. பெயர், வயது, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், காரணம், நோயில்பூசுதல் பெற்றாரா இல்லையா. ஒவ்வொன்றையும் கல்லறையிலிருந்து திரும்பிய அன்று மாலையே எழுதிவிடுவது வழக்கம். எழுதுவோம், மூடுவோம், பீரோவில் வைத்துப் பூட்டுவோம்.

விழா மலருக்காகப் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணியை, கல்லூரியில் புள்ளியியல் படிக்கும் நம் பங்குப் பெண் ஒருத்தியிடம் கொடுத்திருந்தோம். கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து தட்டினாள். ஒருநாள் மாலை ஒரே ஒரு தாளோடு வந்து நின்றாள். "சாமி, காரணம் எழுதுகிற பத்தியை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் 'விபத்து' என்று பதினொரு பேர் இருக்கிறார்கள். நம் பங்கு சின்னப் பங்குதானே?" என்றாள்.

நமக்குத் தெரியாத சேதியா? பதினொருவரையும் நாம்தானே மந்திரித்து அடக்கம் செய்தோம்? ஆனால் பதினொன்று என்ற எண் அன்றுவரை நமக்குத் தெரியாது. அவர்கள் நமக்குப் பதினொரு தனித்தனித் துக்கமாகவே இருந்தார்கள்.

அவள் அதோடு விடவில்லை. பதிவேட்டில் இடமும் நேரமும் இல்லை. ஆகவே உபதேசியாரை அழைத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் போனாள். எங்கே, எத்தனை மணிக்கு, நடந்து போனாரா, வண்டியில் போனாரா என்று கேட்டு எழுதினாள். சிலர் அழுதார்கள், ஒரு வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள், மறுவாரம் அவர்களே அழைத்துச் சொன்னார்கள். எழுதி முடித்தபோது தெரிய வந்தது இது: பதினொருவரில் ஏழு பேர் இறந்தது ஒரே இடத்தில். வாய்க்கால் பாலத்தை ஒட்டிய பேருந்து நிறுத்தத்தில். அந்த ஏழும் பொழுது சாய்ந்தபின். அந்த ஏழில் வண்டியில் போனவர்கள் இருவரே. மற்ற ஐவரும் பேருந்திலிருந்து இறங்கிச் சாலையைக் குறுக்கே கடந்தவர்கள்.

பெருமக்களே, இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஒன்பது ஆண்டுகளில் நாம் இந்தப் பீடத்தில் நின்று எத்தனை முறை இளைஞர்களைக் கடிந்திருக்கிறோம்! குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், வேகத்தை நம்பாதீர்கள் என்று குரல் உயர்த்தியிருக்கிறோம். அடக்கத் திருப்பலியிலேயே சொல்லியிருக்கிறோம். அறிவுரை பொதுவாகச் சரியே. ஆனால் இந்த ஊரின் சாவுகளுக்கு அது காரணமன்று. அந்த மறையுரைகளை முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்களில், குடியைத் தொட்டறியாத கணவர்களைச் சாலையில் பறிகொடுத்த இரு பெண்கள் உண்டு. நம் வாய்ச்சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்? இருவர் வீட்டுக்கும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர்களில் ஒருவர் சொன்ன பதிலை இங்கே சொல்ல நமக்கு உரிமையில்லை.

நம்மைப்போலவே முதலில் தவறாக நினைத்து, பிறகு எண்ணிப் பார்த்து மனம் மாறிய ஒரு குருவானவரின் வரலாறு அப்போதுதான் நம் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் ஹென்றி ஒயிட்ஹெட். நம் திருச்சபையைச் சார்ந்தவரல்லர். ஆங்கிலிக்கன் சபைக் குரு. 1854 இல் இலண்டன் மாநகரில் பெரிக் தெருவிலிருந்த புனித லூக்கா ஆலயத்தின் உதவிக் குரு. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டு மாத முடிவில் அந்தப் பகுதியில் காலரா கண்டது. சில வாரங்களில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றால் நோய் பரவுகிறது என்பதே அந்நாளைய மருத்துவர் பெரும்பாலோரின் துணிபு. டாக்டர் ஜான் ஸ்நோ என்பவர் மட்டும், பிராட் தெருவிலிருந்த பொதுக் குழாய்க் கிணற்றின் நீரே காரணம் என்றார். இறந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டினார். அவர் வாதத்தை ஏற்று, செப்டம்பர் 8 ஆம் நாள் அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் அதோடு ஐயம் தீர்ந்துவிடவில்லை. நோய் அதற்குமுன்பே தணியத் தொடங்கியிருந்தது.

நம் ஒயிட்ஹெட் சாமியார் ஸ்நோவை நம்பவில்லை. அந்த நீரைக் குடித்துப் பிழைத்தவர்களை அவருக்கே தெரியும். டாக்டரின் கூற்று பொய் என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றே கிளம்பினார். அவரிடம் வரைபடமும் இல்லை, மருத்துவப் படிப்பும் இல்லை. ஆனால் டாக்டரிடம் இல்லாத ஒன்று இருந்தது: அந்தத் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் அவரை உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். சில வீடுகளுக்கு நாலைந்து முறைகூடப் போனார். கிணற்று நீரைக் குடித்தீர்களா என்று இறந்தவர் வீட்டில் மட்டும் கேட்கவில்லை. நோய் வராதவர்களிடமும் கேட்டார். இங்கேதான் அவருடைய நேர்மை இருக்கிறது. செத்தவர்களை மட்டும் எண்ணினால் நாம் எதை நினைத்தோமோ அதுவே மெய்போலத் தோன்றும். பிழைத்தவர்களையும் எண்ணினால்தான் ஒப்பிட முடியும்.

எண்ணி முடித்த கணக்கு இது. கிணற்று நீரைக் குடித்தவர்கள் 137 பேர். அவர்களில் நோய் கண்டவர்கள் 80. குடிக்காதவர்கள் 297 பேர். அவர்களில் நோய் கண்டவர்கள் 20. பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடித்தவரில் நூற்றுக்கு 58 பேர். குடிக்காதவரில் நூற்றுக்கு 7 பேர்கூட இல்லை. பொய்யென்று காட்டப் போனவர், தம் கையால் எழுதிய எண்களுக்கு முன் தலைவணங்கினார்.

இன்னும் ஒன்று. 1855 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்க இறப்புப் பதிவுகளை வேறு எதற்காகவோ புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு வரி அவர் கண்ணில் பட்டது. பிராட் தெரு 40 ஆம் எண் வீட்டில் ஐந்து மாதப் பெண் குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்ததென்ற பதிவு. நோய் தொடங்கிய நாள், ஊரில் காலரா வெடிப்பதற்குமுன். அந்த வீடோ கிணற்றுக்கு நேர் எதிரே. தாயிடம் சென்று மெல்ல விசாரித்தார். குழந்தையின் துணியை அலசிய நீரை வீட்டு முன்புறக் கழிவுக் குழியில் கொட்டியதாக அவள் சொன்னாள். தோண்டிப் பார்த்தார்கள். அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடிகூட இல்லை. குழியின் செங்கற்கள் பெயர்ந்து போயிருந்தன. காலராக் கிருமியை இராபர்ட் கோக் அடையாளம் காட்டியது 1883 இல்தான். அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்பே, இறப்புப் பதிவேட்டின் ஒரு வரியை நின்று படித்ததால் இந்தக் குரு அந்த ஊற்றுக்கண்ணைக் கண்டுவிட்டார். அந்த வரலாற்றை அந்த வாரம் மறுபடி படித்தபோது நமக்குத் தூக்கம் வரவில்லை. நம் பீரோவிலும் ஒரு பதிவேடு இருந்ததே.

நிற்க. நம் தாளுக்கு வருவோம். அதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்குச் சென்றோம். முன்னரும் இருமுறை மனுக் கொடுத்திருக்கிறோம். "பல உயிர்கள் பலியாகியுள்ளன, ஆவன செய்யக் கோருகிறோம்" என்று எழுதி, பக்கம் பக்கமாகக் கையெழுத்தும் வாங்கியிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அங்கே வருகிற மனுக்கள் எல்லாவற்றிலும் "பல" என்ற சொல் இருக்கிறது. இம்முறை தாளில் ஏழு வரிகள். நாள், மணி, வயது, நடந்தாரா வண்டியா. பெயர்களை நாமே நீக்கிவிட்டோம். பதிவேட்டிலுள்ள குடும்பத் துயரம் அலுவலக மேசைகளில் சுற்ற வேண்டியதில்லை. அதன் கீழே அந்தப் பெண் இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: இதே சாலையில், பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில், இதே பேருந்துகள் நிற்குமிடத்தில், மின்விளக்கு உண்டு, அங்கே இந்த ஒன்பது ஆண்டுகளில் நம் பங்கைச் சேர்ந்தவர் எவரும் விபத்தில் இறக்கவில்லை.

அதிகாரி தாளை இருமுறை படித்தார். முதன்முறையாக நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். நான்கு மாதத்தில் விளக்கு வந்தது. நிறுத்தத்தைப் பாலத்திலிருந்து தள்ளி அமைக்கும் கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. விளக்கு எரியத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. அங்கே ஒரு சாவும் இல்லை. நாம் மகிழ்ந்து இதைத் திருப்பலியில் அறிவிக்கப் போனபோது அந்தப் பெண் தடுத்துவிட்டாள். "ஒரு வருடம் போதாது சாமி. முன்பும் சாவே இல்லாத வருடங்கள் இரண்டு இருந்தன. பொறுத்துப் பார்ப்போம்" என்றாள். தனக்குப் பிடித்த முடிவையும் உடனே நம்பாதிருக்கும் இந்தப் பண்பை அவள் எங்கே கற்றாளோ, நமக்கு வியப்பாக இருந்தது.

முதியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்ததற்குத்தானே கொள்ளைநோய் வந்தது? எண்ணுவது ஆகுமா?" என்று கேட்டார். மறைநூலைக் கருத்தாய்ப் படிப்பவர், கேள்வி நியாயமானது. தாவீது எண்ணியது வாளேந்தும் ஆண்களை. தம் பலத்தைத் தாமே மெச்சிக்கொள்வதற்காக. ஆனால் நூறு ஆடுகளை வைத்திருந்த ஆயனை எண்ணிப் பாருங்கள். மாலையில் பட்டியடைக்கும்போது அவன் எண்ணாமல் விட்டிருந்தால், தொண்ணூற்றொன்பதும் நூறும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்திருக்கும். காணாமற்போன ஆடு காட்டிலேயே கிடந்திருக்கும். நம் தமிழிலும் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். எண்ணுதல் என்றால் நினைத்தல். நினைப்பவன் எண்ணுகிறான்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருகிறோம். நம் பங்கில் தண்டல் கடன் வாங்காத தெருவே இல்லை. 10,000 ரூபாய் என்று எழுதுவார். 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே, பரவாயில்லை" என்கிறீர்கள். தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். 9,000 ரூபாய் உங்கள் கையில் நூறு நாளும் இருக்கவில்லை. மறுநாளே 100 ரூபாய் திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் 5,000 கட்டியாகிவிட்டது. சராசரியாக உங்களிடம் தங்கியது ஏறத்தாழ 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளைக்கு 1,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு எழுபத்தைந்து ரூபாய்க்கும் மேல் போகிறது. வங்கியில் நகைக் கடனுக்கு என்ன வட்டி என்று விசாரித்துப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 இல் சட்டம் வந்தது. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலையைச் சட்டம் வீட்டுக்கு வந்து செய்து தராது. தண்டல்காரர் நாள் தவறாமல் தம் நோட்டில் எழுதுகிறார். கடன் வாங்கியவரிடம் நோட்டே இல்லை.

தொழிலிலும் இப்படியே. காலையில் இட்லிக் கடை போடும் நம் பங்குச் சகோதரி ஒருவர், பார்சல் வியாபாரம்தான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பியிருந்தார். மகளிர் குழுவில் சொன்னதைக் கேட்டு ஒரு மாதம் எழுதினார். இலையில் சாப்பிடுபவருக்கு ஊற்றுவதைப்போல் இரு பங்கு சாம்பார், சட்னி பார்சலில் போகிறது. கவர் செலவு வேறு. ஒவ்வொரு பார்சலிலும் கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்! இப்போது பாத்திரம் கொண்டு வருவோருக்கு ஒரு விலை, மற்றவர்க்கு ஒரு விலை. அவர் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கையிலிருந்தது நாற்பது பக்க நோட்டு.

சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு சொல். பரிசோதனைச் சீட்டுகளைப் பையில் கசக்கி வைக்காமல் ஒரே தாளில் நாள்வாரியாக எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். பங்குச் சாமியாரும் இதை இப்போதுதான் கடைப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறார் என்பதை மருத்துவமனைச் சகோதரிகள் வெளியே சொல்லிவிட வேண்டாம்.

இளைஞர்களே, கைப்பேசியில் வருகிற "இரு மடங்கு உயர்வு", "மூன்று மடங்கு ஆபத்து" என்ற செய்திகளைப் பிறருக்கு அனுப்புமுன், எத்தனையிலிருந்து எத்தனை என்று கேளுங்கள். ஒன்று இரண்டானாலும் இரு மடங்குதான். தரவுப் பயிற்சி, உடனே வேலை என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்கும் இடங்களில் பணம் கட்டுமுன் நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் பிள்ளைகள் இருவர் அப்படிக் கட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பொன்விழாவின் நினைவாக, அடுத்த மாத முதல் ஞாயிறு தொடங்கி, இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்கு மன்றத்தில் வகுப்பு நடக்கும். முதல் நான்கு வாரம் கணினி கிடையாது; வீட்டு வரவு செலவு, கடன் கணக்கு, இவைதாம். அதன்பின் பங்கு அலுவலகத்திலுள்ள இரு கணினிகளில் அட்டவணை போடக் கற்றுக் கொடுப்பாள் அந்தப் பெண். கட்டணமில்லை. எல்லாச் சமயத்தவரும் வரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையை அழைத்து வாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும், சென்ற ஆறு மாத மின்கட்டணச் சீட்டுகளும், வீட்டில் கடன் இருந்தால் அதன் விவரமும் கொண்டு வரவும். கடன் விவரத்தைப் பிறர் பார்க்க வேண்டியதில்லை. நீங்களே உங்கள் நோட்டில் எழுதிக்கொள்வீர்கள்.

நாமும் மாணவராக வருகிறோம். கடைசி வரிசையில் ஓர் இடம் போட்டு வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியாகிவிட்டது. இறப்புப் பதிவேட்டில் இடம், நேரம் என்று இரண்டு பத்திகளை இந்த மாதம் முதல் கூடுதலாகக் கோடிட்டிருக்கிறோம். அடக்கத்திற்கு எழுதிக் கொடுக்க வருகிறவர்கள் அவற்றையும் தெரிந்துகொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.